ஒரு பட்டன் குறைந்த கோட்டு

அக்டோபர் 6, திங்கள்

மழை. வியாபாரம் மந்தம். எலாஸ்டிக் சரக்கு வந்து இறங்கியதில் இரண்டு பண்டல் நனைந்திருந்தது. லாரிக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவரும் சளைக்காமல் கத்தினார். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எழுத ஒன்றுமில்லாத நாள் என்றுதான் நாலு மணி வரைக்கும் நினைத்திருந்தேன்.

நாலு மணிக்கு எதிர் வரிசை டிராவல்ஸ்காரர் வந்தார். கூட்டம் சேர்த்து, தேசம் தேசமாகக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறவர். கோட்டு ஒன்றை மேஜைமேல் போட்டு, "கையில ஒரு பட்டன் போயிடுச்சுக்கா, ஜோடி பாத்துக் குடுங்க" என்றார். எந்தத் துணி வந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது எனக்குள்ள வியாதி. திருப்பினேன்.

முன்பக்கத்தில் மூன்றாவது பட்டன் மட்டும் வேறு கை தைத்தது. நாலு துளைக்கும் பெருக்கல் குறி போடாமல், ஒரே துளையிலிருந்து மற்ற மூன்றுக்கும் நூலை விரித்திருந்தது, கோழிக்கால் மாதிரி. பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றிக் கழுத்து கட்டியிருந்தது. உள்பக்கம் தாங்குவதற்கு ஒரு குட்டிப் பட்டன். நூல் முனை எங்கே முடிந்ததென்று தேடினாலும் கிடைக்காது.

இத்தனையையும் சேர்த்துத் தைக்கிற இரண்டு பேரைத்தான் எனக்குத் தெரியும். ஒன்று நான். இன்னொருத்தி என்னிடம் கற்றுக்கொண்டவள்.

எங்கே தைத்தீர்கள் என்று உடனே கேட்கவில்லை. வியாபாரத்தில் எனக்கு ஒரு பழக்கம். வேண்டிய சரக்கைக் கடைசியில்தான் கேட்பேன். மொத்தக்கடைக்குப் போனால் வேண்டாத நாலு சரக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, படி இறங்கும்போது, "ஆமா, அந்த முத்துப் பட்டன் இருக்கோ?" என்று போகிற போக்கில் கேட்பேன். நமக்கு அது உயிர்போகிற அவசரம் என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது. இன்றைக்கும் அப்படித்தான். மழையைப் பற்றிக் கேட்டேன். அவர் மகள் படிப்பைக் கேட்டேன். அவர் கதவைத் திறந்த பிறகு, "இந்த நடுப் பட்டன் நல்லாத் தைச்சிருக்காங்களே, யாரு?" என்றேன்.

போன மாதம் கூட்டத்தோடு போன ஊரில் ஒரு சின்னக் கடையாம். துணி திருத்துகிற கடை. நம்ம பாஷை பேசுகிற அம்மாவாம். பையைத் துழாவி, அந்தக் கடைச் சீட்டைக் கொடுத்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

சீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. காலையிலிருந்து பதினைந்து தடவை டிராயரைத் திறந்தேன். கத்தரிக்கோல் எடுக்க.

அக்டோபர் 12, ஞாயிறு

கடை லீவு. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எழுதிவிடலாம்.

சின்னவள் என் தங்கை. பன்னிரண்டு வயசு வித்தியாசம். அப்பா அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயசு. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, தகர மூடிகளில் பட்டனைக் குவித்து நான் விற்க, பக்கத்தில் உட்கார்ந்து நிறம் பிரிப்பாள். தூங்கி விழுந்தாலும் கறுப்பையும் கருநீலத்தையும் கலக்கமாட்டாள். தார்ப்பாய் தள்ளுவண்டி ஆனது, வண்டி கடை ஆனது, கடை இரண்டு மாடி ஆனது. எல்லாவற்றிலும் அவள் பாதி. எனக்குக் கல்யாணம் வாய்க்கவில்லை. அவளுக்கும் வேண்டியதில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன் போலிருக்கிறது.

நாற்பத்திரண்டு வயசில் வந்து நின்றாள். மிஷின்காரரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். தையல் மிஷின் ரிப்பேருக்கு வருவாரே, அவர்தான். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி வாயைத் திறக்காத மனுஷர். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பேரும் போகிறோம் என்றாள்.

இருடி என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. கடை நிறைய ஆள் இருந்தது. "போறவ சாவிக்கொத்தை வெச்சுட்டுப் போ" என்றேன். வைத்தாள். சாவி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் சரிபார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிபார்த்தேன்.

ஒன்பது வருஷம். அவள் இரண்டு கடிதம் போட்டாள். பிரித்துப் படித்து, திரும்ப மடித்து வைத்தேன். பதில் போடவில்லை. அப்புறம் அவளும் போடவில்லை.

அக்டோபர் 15, புதன்

டிராவல்ஸ்காரரிடம் பணம் கட்டினேன். ஒன்பது நாள், ஆறு ஊர். எந்த ஊருக்காகப் போகிறேன் என்று சொல்லவில்லை. முதல் ஊரைப் பற்றித்தான் நிறையக் கேட்டேன். அந்த ஊர் நாலாவது. ஒரே ஒரு நாள். காலையில் சுற்றிக் காட்டுவார்கள். இரண்டிலிருந்து நாலுவரை அவரவர் இஷ்டம்.

கணக்கு எழுதுகிற கணக்கம்மாவிடம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டாள்.

"ஊர் சுத்திப் பாக்கவா? நீங்களா? அக்கா, டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"ஏன், நான் போகக்கூடாதா?"

"பக்கத்துத் தெருவுல சினிமாக் கொட்டகை திறந்து எட்டு வருஷமாச்சு. அதையே நீங்க இன்னும் பாக்கலையேக்கா."

நவம்பர் 8, சனி

கறுப்பில் கனமான கோட்டு வாங்கினேன். ரெடிமேடு. நாலு பட்டன், நாலும் மிஷின் தையல், ஆறு மாதம் தாங்காது. பிரித்துத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

முதல் ஊர். கூட்டத்தில் இருபத்தேழு பேர். பதின்மூன்று ஜோடி, நான் ஒருத்தி என்றுதான் பார்த்தவுடன் நினைத்தேன். அப்படியில்லை, இன்னொரு தனி ஆளும் உண்டு, மூன்று பேராக வந்த ஒரு குடும்பமும் உண்டு. ஆனால் பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் இரண்டிரண்டாக உட்கார்ந்துவிடுகிறார்கள். என் பக்கத்து சீட்டில் என் பை உட்கார்ந்து வருகிறது.

அந்த இன்னொரு தனி ஆள் என் அறைக்காரி. ரிட்டயர் ஆன பள்ளிக்கூட டீச்சர். நல்ல மாதிரி. வாய் மட்டும் மூடாது. பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, பார்த்ததை எல்லாம் மூன்று தடவை சொல்கிறாள். நான் ஒரு தடவைகூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்கிறேன்.

மஞ்சள் கொடி பிடித்து முன்னால் நடக்கிறவர் கொடிக்காரர். டிராவல்ஸ்காரரின் ஆள். கூட்டம் சிதறினால் கொடியைத் தலைக்குமேல் ஆட்டுவார்.

நவம்பர் 12, புதன்

அருவி பார்த்தோம். போட்டோ எடுத்தேன். யாருக்கு அனுப்புவது? கணக்கம்மாவுக்கு அனுப்பினேன். "ஜிப் பார்சல் இன்னும் வரலக்கா" என்று பதில் வந்தது.

நவம்பர் 13, வியாழன்

நாளைக்கு அந்த ஊர். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கடைச் சீட்டைக் காட்டி, பஸ் நிற்கிற சதுக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சைகையில் கேட்டேன். போனில் படம் போட்டுக் காட்டினாள். பதினோரு நிமிஷ நடை. போக வர இருபத்திரண்டு. பேசுவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. தாராளம்.

என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அடுத்த ஊர் ஹோட்டல். டீச்சர் குளிக்கப் போயிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிடுவதற்குள் எழுதிவிட வேண்டும். கை விறைத்திருக்கிறது.

காலை ஒன்பதுக்குச் சுற்ற ஆரம்பித்தோம். முதலில் பழைய பாலம். பாலத்தின் நடுவில் நின்று எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள். நான் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்த பூட்டுகளைப் பார்த்தேன். ஜோடி ஜோடியாக வந்து பூட்டு மாட்டி, சாவியை ஆற்றில் எறிந்துவிடுவார்களாம். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று மாட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். சாவி தண்ணீரில் விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் கை தட்டவில்லை, குளிருக்குக் கையைப் பைக்குள் விட்டிருந்தேன்.

அடுத்தது சதுக்கம். குதிரைமேல் ஒரு ராஜா சிலை. கொடிக்காரர் மைக்கில் அவர் ஜெயித்த சண்டைகளை வரிசையாகச் சொன்னார். ராஜாவின் கோட்டில் ஒன்பது பட்டன் செதுக்கியிருந்தான் சிற்பி, ஒன்பதும் பொம்பளைக் கோட்டில் வைக்கிற பக்கம். அதை டீச்சரிடம் சொன்னேன். அவள் கொடிக்காரரிடம் சொன்னாள். கொடிக்காரர் மைக்கிலேயே, "மேடம், இருபது வருஷமா இங்க வரேன், ராஜா மானத்தை இப்படி யாரும் வாங்கினதில்லை" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. உடனே, சின்னவள் இருந்தால் ராஜாவின் கைப் பட்டனையும் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

அரண்மனை. நாற்பது அறை. காவல்காரர்களின் பித்தளைப் பட்டன் ஒவ்வொன்றிலும் முகம் பார்க்கலாம். மணிக்கூண்டு. பன்னிரண்டு அடிக்கும்போது ஒரு கதவு திறந்து, மரப்பொம்மைகள் வரிசையாக வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வேறு கதவால் உள்ளே போயின. எங்களைப் போலவே. அதில் ஒரு பொம்மைக்கு ஜோடி இல்லை. பழசாகி உடைந்திருக்கும்.

இரண்டு மணிக்கு விட்டார்கள். "நாலு மணிக்கு பஸ் கிளம்பிடும். நாலு அஞ்சுக்கு வந்தீங்கன்னா டாட்டா காட்டலாம்" என்றார் கொடிக்காரர்.

டீச்சர் கூடவே வருகிறேன் என்றாள். தலைவலி என்று பொய் சொல்லிக் கழற்றிவிட்டேன். சதுக்கத்து மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நகவெட்டியை எடுத்து, கோட்டின் இரண்டாவது பட்டனை வெட்டினேன். கடைக்குள் நுழைய ஒரு காரணம் வேண்டுமே. பட்டனைப் பர்ஸுக்குள் போட்டேன். அறுபத்து மூன்று வயசில் செய்கிற வேலையா இது?

டிராம் போகிற தெரு. ரொட்டிக் கடை, சாவி செய்கிற கடை, அப்புறம் ஒடுக்கமாக அவள் கடை. ஜன்னலில் ஒரு பொம்மை உடம்பு, பாதி தைத்த ஜாக்கெட் போட்டு நின்றது. கண்ணாடிக் கதவில் கடை நேரம் எழுதியிருந்தது. ஒன்பது, ஐந்தரை. எந்தக் கடைக்குப் போனாலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன். இடம் சுமார்தான், ஆனால் வெளிச்சம் நன்றாக வருகிறது, மேலே ஜன்னலில் துணி காய்ந்தது. மேலேயே குடியிருக்கிறார்கள் போல. நல்ல ஏற்பாடு, வாடகை ஒன்றுதான். வாசலில் நின்று இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் திறக்கக் கை வரவில்லை.

திறந்தேன். மணி அடித்தது. மிஷினில் குனிந்திருந்தவள் தலையை நிமிர்த்தாமல் அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

தலை பாதி நரைத்துவிட்டது. கழுத்தில் டேப். கண்ணாடி, கயிற்றில். முகம் என் முகம் மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது.

"வாங்க. என்ன வேணும்?"

வாங்க! என்னை வா போ என்றுதான் சொல்வாள் அவள். பேசத் தெரிந்த நாளிலிருந்து.

"பட்டன் விழுந்துடுச்சு" என்றேன்.

கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பட்டன் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"விழலை. வெட்டியிருக்கு. நகவெட்டியில வெட்டினாத்தான் நூலு இப்படி நசுங்கும்."

எனக்கு முகம் எரிந்தது. நான்தானே இதெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றும் தோன்றாமல், "இதுக்கு ஜோடி இருக்கா?" என்றேன், பர்ஸுக்குள் பட்டனை வைத்துக்கொண்டு. டிராயரை இழுத்தாள். பட்டன் எல்லாம் நிறவாரியாகத் தகர மூடிகளில் இருந்தது. தகர மூடி. இந்த ஊரில் எங்கே தேடிப் பிடித்தாளோ.

"இல்லை" என்றாள், சரியாகத் தேடாமலே.

அப்புறம் நான் கேட்டேன். நூல் எங்கே வாங்குகிறாய். ஜிப் எந்தத் தேசத்துச் சரக்கு. குளிர்காலத்தில் வேலை கூடுமா. கூலிக்கு ஆள் வைத்திருக்கிறாயா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், மொத்தக்கடைக்காரனுக்குச் சொல்வது மாதிரி. நடுவில் ஒரு வாடிக்கைக்காரர் கால்சட்டையோடு வந்தார். இருபது நிமிஷம் போனது. அவருக்கு ஊசி குத்துகிற கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவுப் பக்கம் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நல்லா இருக்கியாடி. எம்மேல இன்னும் கோவமா. அதைத்தானே கேட்க வந்தேன். அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

பின்னறையிலிருந்து மிஷின்காரர் எட்டிப் பார்த்தார். கையெல்லாம் எண்ணெய். ஆள் இளைத்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் என்னைப் பார்த்ததும் இறக்கி விட்டிருப்பார், அப்படி ஒரு பதற்றம். "அக்கா... எப்ப... உக்காருங்கக்கா. டீ போடறேன்." ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மொத்தமாக அவர் என்னிடம் பேசினதைவிட இது அதிகம்.

"அவங்களுக்கு நேரமிருக்கான்னு கேளுங்க" என்றாள் சின்னவள், கோட்டையே பார்த்துக்கொண்டு.

மணி மூன்றரை தாண்டியிருந்தது. "நாலு மணிக்கு பஸ்ஸு" என்றேன். ஏன் சொன்னேன்? பஸ் கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

கோட்டை மேஜைமேல் விரித்து மடித்தாள். "விட்டுட்டுப் போங்க. ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கலாம்."

"பஸ்ஸு நாலு மணிக்குன்னு சொன்னேனே."

"கேட்டுச்சு. ஆறு மணிக்குத்தான் ஆகும்."

"ஒரு பட்டனுக்கு ரெண்டரை மணி நேரமா?"

"ஒண்ணில்லை, நாலு. மத்த மூணும் நிக்காது. இதைப் பிரிச்சுத் தைக்காம எப்படிப் போட்டுக்கிட்டு வந்தீங்க?"

சீட்டைக் கிழித்தாள். பாதியைக் கோட்டில் குத்தினாள். பாதியை என் பக்கம் நகர்த்தினாள். கையில் கொடுக்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று வந்தது. பஸ் போகிற நேரம் தெரிந்தே சொல்கிறாள். அன்றைக்கு நான் சாவியை வாங்கிக்கொண்டேன், இன்றைக்கு இவள் கோட்டை வாங்கிக்கொண்டாள், சரிக்குச் சரி. குளிர்ல வெறும் சட்டையோட போடின்னு அனுப்பறா. சரி, போறேன். சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கதவு மணி அடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு நிமிஷ நடை, ஒன்பது நிமிஷத்தில் வந்தேன். குளிர் அப்படி. "கோட்டு எங்கேங்க?" என்றாள் டீச்சர். "ரிப்பேருக்குக் குடுத்தேன், முடியலை." தன் சால்வையை எடுத்து என்னைச் சுற்றிவிட்டாள். கொடிக்காரர் தலை எண்ணினார். இருபத்தேழு. சரியாக இருக்கிறதாம்.

நவம்பர் 15, சனி

சுண்ணாம்புக் குகை. பார்க்கவில்லை, பஸ்ஸிலேயே இருந்தேன்.

டீச்சரும் எனக்குத் துணையாகப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். சும்மா இருப்பாளா?

"எனக்கு ஒண்ணு புரியலைங்க. பஸ்ஸு போயிடும்னு தெரிஞ்சும் அந்தத் தையல்காரம்மா கோட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்களா? என்ன வியாபாரம்ங்க இது? கஸ்டமர் கோவிச்சுக்க மாட்டாங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன இருந்தாலும் நான் பழக்கிய கை. "டீச்சர், உங்களுக்கு வியாபாரம் தெரியாது. புது ஆளு வரான்னு வெச்சுக்குங்க. அவனை விட்டுடக்கூடாதுன்னு மனசுல இருக்கு, ஆனா வாயத் திறந்து கேட்க முடியாது. அப்போ என்ன பண்ணுவோம்? அவன் பொருள் ஒண்ணைக் கையில வாங்கி வெச்சுக்குவோம். இப்ப ஆகாது, சாயந்தரம் வாங்கன்னு சொல்லுவோம். பொருள் இங்க இருந்தா ஆளு எங்க போயிடுவான், திரும்பி வந்துதானே..."

அதோடு நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள் டீச்சர்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கடை மூடுவது ஐந்தரைக்கு. கதவில் நானே பார்த்தேன். முதல் வேலையாகப் பார்த்தேன்.

ஆறு மணிக்கு வரச் சொன்னாள்.

ஆறு மணிக்கு அங்கே கடை கிடையாது. மேலே வீடு. மிஷின்காரர் டீ போட்டிருப்பார். நாற்காலி இழுத்துப் போட்டிருப்பாள். யாரும் கால்சட்டையோடு வந்து நடுவில் நிற்கமாட்டார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இருக்காது. அதற்குத்தான் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த வித்தையை எடுத்து என் முன்னாலேயே விரித்திருக்கிறாள். ஊர் முழுக்க நான் செய்த வேலையை அவள் எனக்கே செய்தபோது எனக்குத் தெரியவில்லை. வாடிக்கைக்காரியாக நின்று பழக்கமில்லை எனக்கு.

ஆறு மணிக்கு ஜன்னலில் நின்று பார்த்திருப்பாளா? ஆறரை வரைக்கும்?

பார்த்திருப்பாள். எனக்குத் தெரியும். ஏழு வரைக்கும்.

நவம்பர் 18, செவ்வாய்

வீடு. பூட்டைத் திறந்து உள்ளே வந்தேன். விளக்கைப் போட்டேன். போகும்போது வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. வேறு எங்கே போகும்?

நவம்பர் 24, திங்கள்

கணக்கம்மாவுக்கு ஊர்க்கதை கேட்கணுமாம். ராஜா சிலைப் பட்டன் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்புறம்க்கா?" என்றாள். எல்லாருக்கும் இந்த அப்புறம்தான் வேண்டியிருக்கிறது.

பாதிச் சீட்டில் கடையின் போன் நம்பர் இருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

மறுபடியும் அதே. என்ன பொம்பளை நான்? மொத்தக்கடை முதலாளிகளை அலறவிட்டவள் என்று பேர். ஒரு போன் பண்ண வக்கில்லை.

டிசம்பர் 3, புதன்

பண்ணிவிட்டேன். இங்கே மத்தியானம், அவளுக்கு அப்போதுதான் கடை திறந்திருக்கும். கடைக்கு மேலே குடோனில், லேஸ் பண்டல்மேல் உட்கார்ந்துகொண்டு பேசினேன். கீழே ஆட்கள் கேட்டுவிடக்கூடாதே.

அவள்தான் எடுத்தாள். அந்த ஊர் பாஷையில் கடைப் பேரைச் சொன்னாள்.

மழை எப்படி, குளிர் எப்படி என்று ஆரம்பிக்க வாய் போனது. அடக்கிக்கொண்டேன். அறுபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, நேராக,

"அன்னிக்கு எனக்குப் புரியலைடி" என்றேன்.

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் நின்றது.

"ஏழு மணி வரைக்கும் கதவைப் பூட்டலை" என்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்? டீயை மூணு தடவை சூடு பண்ணாரு மனுஷன். கடைசியில அவரே குடிச்சாரு மூணு கப்பையும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது. "கோட்டு ரெடியா?" என்று கேட்டேன். எவ்வளவு அடக்கினாலும் இந்த வாய் இப்படித்தான் போகும்.

"மூணு பட்டன் ரெடி. ஒரு இடத்தை விட்டு வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"அதுக்கான பட்டன் உங்க பர்ஸுல இருக்கு. அன்னிக்கு நீங்க பர்ஸை ஒரு நிமிஷம்கூடக் கையை விட்டு இறக்கலை."

"பார்சல்ல அனுப்பறியா?" என்றேன். என்னை என்ன செய்வது?

"பார்சல் எல்லாம் அனுப்பறதில்லை. சீட்டோட ஆளு நேர்ல வரணும்."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"சரி" என்றேன்.

வைக்கப் போனேன். "அக்கா" என்றாள். ஒன்பது வருஷம் ஆச்சு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து என் காதில் விழுந்து.

"கூட்டத்தோட வராதே. தனியா வா."

டிசம்பர் 4, வியாழன்

வா என்றாள்.

ஜனவரி 10, சனி

காலையில் கிளம்பவேண்டும். கடைச் சாவிக்கொத்தைக் கணக்கம்மாவிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. "எந்த ஊருக்கா? எத்தனை நாளு?" என்றாள். தங்கச்சி வீட்டுக்கு என்றேன். நாள் சொல்லவில்லை.

பெட்டியில் பாதி இடம் காலி. அங்கே குளிர் இப்போது இன்னும் கூடுதலாம். கோட்டு எடுத்து வைக்கவில்லை. பர்ஸை மட்டும் இரண்டு தடவை திறந்து பார்த்தேன். சீட்டு இருக்கிறது, பட்டன் இருக்கிறது.